இன்னும் நூறு கிராம் ஏறட்டும்

வானம் மூடாப்பு போட்டிருந்த ஒரு மதியம், பக்கத்துக் குளத்து மீன்களெல்லாம் திணறி வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டன. குளத்துக்காரர் ஊரில் இல்லை. ஊர் 'தீவனத்தார்' என்று பட்டம் வைத்திருந்த மீன் பண்ணைக்காரர், தண்ணீரில் காற்றைக் கலக்கும் தன் ஏரேட்டரைத் தோளில் சுமந்துபோய் ஓடவிட்டு, மீன்கள் தெளிந்ததும் தூக்கிக்கொண்டு திரும்பியவர், இன்றுவரை யாரிடமும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனசு. மீன் என்றால்!

இந்த ரகத்து மனிதரை உங்களுக்குத் தெரியும். கடலோரத்தில் கொடுவா மீன் வளர்க்கும் எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். வேளை தவறாமல் மூன்று தரம் தீவனம் போடுவார்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்து மீனைப் பிடித்து, துணித் தூளியில் கிடத்தி, தராசில் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, நோட்டில் எழுதி, எடை கூடியிருந்தால் பெண்ணுக்கு வரன் அமைந்தவர் மாதிரி பூரித்துப்போவார். வீட்டில் என்ன சாப்பாடு? அதற்கு நோட்டு கிடையாது.

"ஒரே ஒரு மீன் குடுங்களேன், பாப்பாவுக்குப் பொரிச்சுக் குடுக்குறேன்" என்பாள் மனைவி.

"வளர்ற மீனை யாராவது பிடிப்பாங்களாடி? இன்னும் நூறு கிராம் ஏறட்டும்."

ஏறும். ஏறிய அன்றே லாரி வரும். ஊர் உலகத்துக்கெல்லாம் சத்து போகும். பாப்பாவுக்கு டீயும் பன்னும். ஐந்து வயதுப் பிள்ளை நாலு படி ஏறி ஐந்தாம் படியில் உட்கார்ந்துவிடுவாள். மிச்சப் படிக்குப் பெற்றவள்தான் தூக்கிக்கொண்டு போவாள்.

ஒருநாள் பிள்ளைகளை எடை போட வந்த நர்ஸின் தராசு உடைந்துபோயிற்று. தீவனத்தார் தராசைக் கொடுத்தார். ஆனால் அதை வேறொருவர் தொட விடுவாரா? தானே வந்து நின்றுகொண்டார். பிள்ளைகள் வரிசையாகத் தூளியில் ஏறினார்கள். அவர் கண் முள்ளைவிட்டு இறங்கவேயில்லை.

"பதினோராம் நம்பர். போன மாசம் பதிமூணு கிலோ" என்று வாசித்தாள் நர்ஸ், மத்தியானச் சாப்பாடாக வைத்திருந்த பன்னைக் கடித்துக்கொண்டே.

"இப்பவும் பதிமூணுதான். ஒரு கிராம்கூட ஏறலையே!" தீவனத்தாருக்குக் கோபமே வந்துவிட்டது. "யாரு வளர்ப்பு இது? வேளாவேளைக்கு என்னத்தைத்தான் போடுறாங்க?"

"டீயும் பன்னும்தாங்க" என்றாள் வரிசையில் நின்ற மனைவி. "நம்ம பண்ணைதான்."

தூளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்பா, இறக்கி விடுப்பா. கூசுது!"

வரிசை முழுக்கச் சிரித்தது, கைக்குழந்தை உட்பட. அவர் சிரிக்கவில்லை. தராசைப் போட்டது போட்டபடி, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய கொடுவாவைப் பிடித்து வந்தார்.

"இன்னும் நூறு கிராம் ஏறணுமே?" மனைவி விடுவாளா?

"அது இவ மேல ஏறட்டும்டி!"

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். பிள்ளைக்கும் மூன்று வேளை, பிள்ளைக்கும் நோட்டு. தட்டோடு அப்பா வருகிறார் என்றால் பாப்பா ஒரே ஓட்டமாக மாடிப்படி முழுவதும் ஏறி ஒளிந்துகொண்டாள். அதைக் கீழே நின்று பார்த்த அம்மா, அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. ஐந்தாம் மாதம் முள் பதினாலரையைத் தொட்டது. அன்றைக்கே இரண்டு வரன் அமைந்த முகம் அவருக்கு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் விருந்தாளிக்கென்று அலமாரியில் மூடி வைத்த டப்பாவில் என்ன இருக்கிறது, உங்கள் பிள்ளை தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள். ஆண்டவன் வயிற்றை வீட்டில் இருப்பவர்களுக்கும் வைத்துத்தான் படைத்திருக்கிறான்.

நர்ஸுக்கு மாற்றலாகிவிட்டது. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு பொரித்த மீன் பொட்டலத்தை அவள் மடியில் போட்டு, கையிலிருந்த பன்னைப் பிடுங்கிக்கொண்டு தீவனத்தார் சொன்னார்:

"ஊருப் பிள்ளைகளையெல்லாம் எடை போட்டீங்களே சிஸ்டர், உங்களை யாரு தூளியில ஏத்துனா?"