பார்க்கிங் இல்லை மேடம்

என் மனைவியின் கடையை மூட வைப்பது என்று முடிவு செய்தேன். அதையும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் செய்வது என்று முடிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எதையும் முறையாகத்தான் செய்வேன்.

ஷோபாவின் கடை பெங்களூரில் சிவாஜிநகர் பக்கம் ஒரு கடைத்தெருவில் இருக்கிறது. புடவையைக் கொண்டுபோனால் அதற்கு மேட்சாக ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுப்பாள். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் வண்டியை எங்கே விடுவது? புது ஏற்பாட்டின்படி தெருவின் ஒரு பக்கம் நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மறுபக்கம் கட்டணம் கட்டி நிறுத்தலாம். ஆனால் கடைக்காரர்களின் வண்டிகளே காலையில் வந்து அங்கே படுத்துவிடும். பிறகு அவர்கள் அந்த வண்டிமேலேயே சாய்ந்துகொண்டு, ஆள் வரவில்லையே என்று வருத்தப்படுவார்கள். வண்டியைத்தான் நிறுத்தக்கூடாது என்றார்கள். நின்றது வியாபாரம்.

கொடுத்த அட்வான்ஸை வாடகை தின்றுகொண்டிருந்தது. எனக்கோ பீன்யாவில் கணக்கு வேலை, அதுவும் கான்ட்ராக்ட். பயமாக இருந்தது.

"மூடிடலாம் ஷோபா."

"மூடிட்டு?"

"வீட்டுல நிம்மதியா இரு."

"உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டா? அதுக்குக் கடையில ஈ ஓட்டலாம்."

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க. அன்னைக்கும் கூட்டம் வரலன்னா மூடிடறேன்."

போனேன். "நீ துணியைப் பாரு, போனை நான் பாத்துக்கறேன்" என்றேன். என் திட்டமே அதுதான். போன் செய்கிற எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. உண்மையைச் சொன்னால் போதும்.

"பார்க்கிங் இருக்கா?"

"இல்லை மேடம்."

டொக்.

"பார்க்கிங் இதெயா?"

"இல்லா மேடம்."

டொக்.

மதியம்வரை ஒரு ஆள்கூட வரவில்லை. உண்மைக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று எனக்குக் காலேஜில்கூடச் சொல்லித்தரவில்லை.

திரும்பினால் ஷோபா பின்னால் நிற்கிறாள்.

"என்னங்க சொல்றீங்க போன்ல?"

"உண்மையத்தான்."

"முழுசா சொல்லுங்க. பார்க்கிங் இல்லை, டிரைவர் இருக்காருன்னு சொல்லுங்க."

"எந்த டிரைவர்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஷோபா, நான் எம்.காம்.!"

"கார் லைசென்ஸ் இருக்கில்ல?"

இருந்தது. கார் வாங்குவோம் என்று நம்பிய காலத்தில் எடுத்தது.

"வர்றவங்க காரை வாங்கி நான் எங்க நிறுத்தறது?"

"ஏன் நிறுத்தணும்? சுத்திக்கிட்டே இருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி என் பின்னாடி சுத்துனீங்கல்ல?"

அடுத்த போனை அவளே எடுத்தாள். வைட்ஃபீல்டிலிருந்து ஒரு அம்மாள் பெரிய காரில் வந்து இறங்கினார். "டிரைவர், பின்னாடி நாய் இருக்கு. ஏசிய ஆஃப் பண்ணாதீங்க."

நான் ஓட்டினேன். நாய் முதலாளி மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது. சிக்னலில் அப்பா போன் செய்தார்.

"எங்கடா இருக்க?"

"கார்ல போயிட்டிருக்கேன்பா."

"கார்லயா!"

அவர் இருக்கும் நீலசந்திரா ஏரியா முழுக்கச் சொல்லியிருப்பார். நான் பொய் சொல்லவில்லை.

ஐந்து நிமிட வேலை என்றேனே, தப்பு. வண்டிக் கவலை விட்டால் யாரும் ஒரு கடையோடு நிறுத்துவதில்லை. ஷோபாவிடம் துணி, பக்கத்தில் அசோகன் அண்ணன் கடையில் ஹேண்ட்பேக், எதிரில் செருப்பு. எனக்குச் சுற்றிச் சுற்றித் தலை சுற்றியது. ஒருவர் போவதற்குள் அடுத்தவர், "டிரைவர், பன்னி, பன்னி!" என்று கைதட்டினார். கன்னடத்தில் அது ‘வாங்க’. அன்றைக்கு என் காதில் தமிழாகவே விழுந்தது.

சாயங்காலம் கடைக்குள் எனக்கே நிற்க இடமில்லை. கூட்டம் கலைந்ததும் கறாராகச் சொன்னேன்.

"கடையை மூட வேணாம், ஒத்துக்கறேன். ஆனா அடுத்த ஞாயிறு நான் வர மாட்டேன். எனக்கும் மரியாதை இருக்கு."

"நம்ம கடைக்கு வர வேணாங்க" என்றாள் அன்பாக.

"நிஜமாவா?"

"இனிமே நம்ம வாடகையில பாதி அசோகன் அண்ணன் குடுக்கறாரு. பதிலுக்கு ஞாயித்துக்கிழமை உங்களை அவருக்கு வாடகைக்கு விட்டுட்டேன்."