மாரிகுப்பத்தில் ஒரு தலையில்லாத சர்வர்

"ஷிப்ட்டை அழுத்திக்கினே ஆர் அடிங்க மாமா," என்றாள் ரெபேக்கா, மூன்றாவது தடவையாக.

போனின் மறுமுனையில், எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி மாரிகுப்பத்தில், அவளுடைய மாமனார் ஆர்தர் சற்று யோசித்தார்.

"எந்த ஷிப்ட்டும்மா?"

"கீபோர்டுல இருக்கிற ஷிப்ட் மாமா."

"ரெண்டு இருக்குதே. அதான் எந்த ஷிப்ட்டுன்னு கேட்டேன். பகலா, ராத்திரியா?"

பெங்களூர் ஒயிட்ஃபீல்டு ஆபீஸின் காபி மெஷின் பக்கத்தில் நின்றிருந்த ரெபேக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷம் தங்கவயல் சுரங்கத்தில் மூன்று ஷிப்ட்டும் பார்த்த மனிதரிடம் போய் ஷிப்ட் என்று சொன்னது அவள் தப்புதான். ஏதாவது ஒன்றை அழுத்துங்கள் என்றாள். அவரும் ஏதோ ஒன்றை அழுத்தினார். மூன்று முறை பாஸ்வேர்டு தப்பாகி, சாயங்காலம் வரை யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று மெஷின் கதவைச் சாத்திக்கொண்டது. திங்கட்கிழமைக் கதை அத்தோடு முடிந்தது.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாக ரெபேக்கா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, இருட்டில் சமைத்து, இருட்டில் குளித்து, மாரிகுப்பத்தில் ரயில் பிடித்து வேலைக்குப் போகிறாள். வண்டி புறப்படுகிற இடமே மாரிகுப்பம் என்பதால் போகும்போது ஜன்னலோரம் கிடைத்துவிடும். திரும்பும்போது பங்காரப்பேட்டை வரை யாருடைய முழங்கையாவது விலாவில் இருக்கும். வீட்டுக்கு வந்தால் மறுபடி இருட்டு. கணவன் டென்னிஸுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். வார நாளில் தன் வீட்டு ஹாலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மேனேஜர் மனோகர் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் தங்கவயலில் கரண்ட்டும் நெட்டும் நிற்காமல் இருக்கும் என்று அவருக்குச் சுத்தமாக நம்பிக்கை இல்லை. "உங்க வீட்ல ஒரு மெஷின் ஓடுதுன்னு சொன்னீங்களே, அதை இந்த வாரம் பூரா நான் கேக்கறப்போ இங்கேர்ந்தே தொறந்து காட்டுங்க. நிக்காம ஓடிச்சுன்னா அடுத்த திங்கள்லேர்ந்து ரெண்டு நாள் வந்தா போதும்," என்றார்.

அந்த மெஷின் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர். மூன்று மாதத்துக்கு முன் ரெபேக்கா அதை வாங்கி வந்து, லினக்ஸ் ஏற்றி, ஹாலில் டிவி மேஜைக்கு அடியில் வைத்திருந்தாள். அதற்கு மானிட்டர் கிடையாது. அதனால் தொழிலில் அதைத் தலையில்லாத சர்வர் என்பார்கள். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அதன் திரையை நம்முடைய கம்ப்யூட்டரில் வரவழைத்து வேலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்கு சர்வர் வந்த அன்று, "சர்வர்னா ஓட்டல்லதானேம்மா இருப்பான்?" என்று கேட்டவர் ஆர்தர்.

நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. எழுபத்தொரு வயது, வம்பு தும்பு கிடையாது. போட்டதைச் சாப்பிடுவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் வயரை மாட்டிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன மாமா பார்க்கிறீர்கள் என்றால் பிரசங்கம் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ரெபேக்கா படுக்கையறையில் உட்கார்ந்து ஹாலில் இருந்த சர்வரைத் திறந்து பார்த்தாள். பளிச்சென்று வந்தது. திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து திறந்தாள், வரவில்லை. வீட்டில் பகலில் இருக்கிற ஒரே ஆள் மாமனார்தான். டிவியையே அதற்குத் திரையாக மாட்டச் சொல்லி, பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னதில்தான் ஷிப்ட் வந்தது.

செவ்வாய்க்கிழமை வேறு வழி யோசித்தாள். வெளியிலிருந்து வருகிறவர்கள் நுழைய நெட் பெட்டியில் நம்பர் போட்ட வாசல்கள் உண்டு, அதற்குப் போர்ட் என்று பேர். அது மூடியிருக்க வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகம். எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, மாமனார் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பத்து மணிக்குப் போன் செய்து போர்ட் திறந்திருக்கிறதா என்று கேட்டாள். மூடித்தான் இருக்கிறது என்றார். திறந்துவிடுங்கள் என்றாள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்றார். மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டிருந்த ரெபேக்கா, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திறந்தால் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் எலெக்ட்ரீஷியன் சம்பங்கி வந்து, ஹாலில் இருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றித் தரையில் வைத்தான். உள்ளே பார்த்துவிட்டு, வயரெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தது, மொத்தமாக மாற்றாவிட்டால் வீடே எரிந்துவிடும் என்றான். மெயினை அணைத்தான். ஆர்தர் போன் செய்து அதைச் சொன்னார். மூன்று மணிக்கு மனோகர் வந்து மெஷினைக் காட்டச் சொன்னபோது, வீட்டில் கரண்ட் இல்லை சார் என்று ரெபேக்கா சொல்ல வேண்டியிருந்தது. நான் அப்போதே சொன்னேனே என்று அவர் முகம் சொன்னது.

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜில் மீன் நாறிக்கொண்டிருந்தது. ஆர்தர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். டிவி மேஜைக்கு அடியில் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது. சர்வருக்கும் நெட் பெட்டிக்கும் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர் இழுக்கச் சொல்லியிருந்தார்.

"மெஷின் நிக்கக் கூடாதுன்னு சொன்னியேம்மா," என்றார்.

அந்த நல்ல மனசுக்கு முன்னால் என்ன பேசுவது? ரெபேக்கா மீனைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

புதன்கிழமை காலையில் சம்பங்கி வந்து கரண்ட் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஃபயர்வால். கண்ட ஆட்களும் கம்ப்யூட்டருக்குள் புகாமல் தடுக்கிற காவல் அது. காவல்காரன் ஆள் தெரியாமல் தன்னையே தடுக்கிறானோ என்று அவளுக்குத் தோன்றியது. சர்வரில் அதை ஐந்து நிமிஷம் ஆஃப் செய்தால் தெரிந்துவிடும். இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து நிதானமாகச் சொன்னாள். ஆர்தரும் நிதானமாகக் கேட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து, ஆயிற்று என்றார். ரெபேக்கா திறந்து பார்த்தாள். வரவில்லை.

"சரியா ஆஃப் பண்ணீங்களா மாமா?"

"ரெண்டு கையாலயும் இறுக்கி மூடிட்டேன்மா. இனிமே ஒரு பொட்டு கேஸ் வராது."

ஃபயர் வால்வு என்றுதான் அவர் காதில் விழுந்ததாம். கேஸ் சிலிண்டரின் வால்வைச் சுரங்கத்துப் பலத்தோடு மூடியிருந்தார். ரெபேக்காவும் பக்கத்து வீட்டுக்காரரும் மாறி மாறித் திருகியும் அது அசையவில்லை. ராத்திரிக்குப் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆர்தர் மூன்று பரோட்டா சாப்பிட்டார்.

தெரிந்து செய்தால்கூட ஒரு மனுஷன் இவ்வளவு கரெக்டாகத் தப்புச் செய்ய முடியாது என்று மறுநாள் ரயிலில் பக்கத்துச் சீட்டு ஞானசுந்தரியிடம் ரெபேக்கா புலம்பினாள். வயசானவங்க, பாவம், அவங்களுக்கு இதெல்லாம் இன்னா தெரியும் என்றாள் ஞானசுந்தரி. ரெபேக்காவுக்குக் கோபப்பட்டதற்காக வெட்கமாகப் போயிற்று.

அன்று வியாழன். இனி அவரிடம் எதுவும் கேட்பதில்லை என்று ரெபேக்கா முடிவு செய்திருந்தாள். கிளம்புவதற்கு முன் போர்ட், ஃபயர்வால் எல்லாவற்றையும் தன் கையாலேயே சரி செய்தாள். மாமா, தயவு செய்து எதையும் தொடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்று மணிக்கு மனோகர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மெஷின் பேரைக் கேட்டது. கொடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தாள். ஏற்றுக்கொண்டது. இந்த வாரத்தில் முதல் தடவையாக ரெபேக்கா சிரித்தாள். அடுத்த நிமிஷம் திரையில் ஒரு வரி வந்தது: ஏற்கெனவே ஏழு பேர் உள்ளே இருக்கிறார்கள், இதற்கு மேல் இடம் இல்லை.

மனோகர் அதை இரண்டு தடவை படித்தார்.

"யாரு ரெபேக்கா அந்த ஏழு பேரு?"

அந்த மெஷினைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான். அப்படியென்றால் திருடர்கள். காலையில் அவள் போர்ட், ஃபயர்வால் என்று திறந்து விளையாடியதில் எவனெவனோ உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டான். மனோகர் எழுந்து நின்றார். ஏழு திருடர்கள் குடியிருக்கிற மெஷின் இருக்கிற வீட்டில் கம்பெனி வேலையைச் செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அக்கம்பக்கத்து நாற்காலிகள் எல்லாம் திரும்பின.

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். சர்வர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள் மாமா, இப்போதே, என்றாள். இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. ஆனால் ஆர்தர் நகரவில்லை.

"ஒரு இருபது நிமிஷம் பொறுக்கக் கூடாதாம்மா?"

"திருடங்க மாமா. உள்ள திருடங்க இருக்காங்க."

"நடுவுல புடுங்கினா மெஷினுக்கு ஆகாதும்மா."

"புடுங்குங்க மாமா."

பிறகு ஒரு நீண்ட பெருமூச்சும், பிளக் கழன்று விழுகிற சத்தமும் போனில் கேட்டன. ரெபேக்கா பாத்ரூமுக்குப் போய் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து மனோகரிடம் கெஞ்சினாள். நாளைக்கு லீவு போட்டுவிட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், பதினோரு மணிக்கு நீங்கள் இங்கிருந்து திறந்து பாருங்கள் என்றாள். சரி, ஆனால் அதுதான் கடைசி, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலையில் மருமகள் வீட்டில் இருப்பதைப் பார்த்ததும் ஆர்தருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் நல்ல மட்டன் கிடைக்கும் என்று பையை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கே கிளம்பினார். கிளம்பினவர் போனை அணைத்துவிட்டார்.

ரெபேக்கா டிவியை மாட்டி சர்வரைப் போட்டாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட்டைப் பிடுங்கியதால் டிஸ்க்கில் கோளாறு இருக்கலாம், சரிபார்க்கிறேன், என்றது அது. பத்து சதவீதம். ஒன்பதரைக்கு முப்பது. பத்தரைக்கு ஐம்பத்தெட்டு. மறுபடி பிடுங்கினால் இருப்பதும் போய்விடும். செய்ய ஒன்றுமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான், வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக வந்து அவள் காலடியில் விழுந்திருப்பதைப் பார்த்தாள். வார நாள் வெயில்.

சரியாகப் பதினோரு மணிக்கு மனோகர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். அறுபத்து நாலு சதவீதம் என்று சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள்.

"ஒரு வாரம் குடுத்தேன் ரெபேக்கா," என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை. "ஒரு நாளாச்சும் அது நிக்காம ஓடிச்சுன்னு நான் எதை வெச்சு நம்பறது?"

ரெபேக்கா திரையைப் பார்த்தாள். அறுபத்தைந்து.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. மாமனாரோடு சுரங்கத்தில் வேலை பார்த்த வால்டர், கையில் போனோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார். வயது எழுபத்து மூன்று. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து அவசரமாக வந்திருக்கிறார் என்பது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததில் தெரிந்தது. தரையில் இருந்த போனை அவர் கவனிக்கவில்லை. மாமா இல்லை, மட்டன் வாங்கப் போயிருக்கிறார் என்றாள் ரெபேக்கா.

"போனும் எடுக்க மாட்டேங்கிறான்," என்று வால்டர் சோபாவில் விழுந்தார். "ஹால்ல உக்காந்து ரம்மி ஆடக் கூடாதுன்னு நீ சொன்ன. சரின்னு அவனவன் வீட்லயே உக்காந்து ஆடிக்கினு இருந்தோம். அதுக்கும் இப்ப கேடு வந்துட்டுது."

அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படி ரம்மி ஆடினீர்கள் என்று ரெபேக்கா கேட்டாள். கேட்கும்போதே குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தரையில் இருந்த போனில் மனோகர் இன்னும் இருந்தார்.

வால்டர் டிவி மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கையால் காட்டினார்.

"அதுலதான். ஆர்தரு தனியா ஒரு போர்ட் தொறந்து எங்க ஏழு பேருக்கும் லாகின் போட்டுக் குடுத்து ரெண்டு மாசம் ஆவுது. செவ்வாக்கெழம இந்த வீட்ல கரண்ட் போனப்பகூட ஒரு நிமிஷம் நின்னதில்ல. அப்படி ஓடிக்கினு இருந்த சர்வரை நேத்து மூணு மணிக்கு எவன்மா புடுங்கினது?"