கப்பலிலிருந்து தெரிகிற கூரை

கிளாடிஸ் என்று பெயர் வைத்த சூறாவளி எங்கள் சாந்த் ரெமோன் தீவின் மேல் ஏறி இறங்கிப் போன ஆறாவது வாரம் அரசாங்கம் விழித்துக்கொண்டது. விழித்துக்கொண்ட அரசாங்கம் சும்மா இருக்குமா? 'கடல்முகத் தோற்ற மீட்சி இயக்ககம்' என்று ஒன்றைத் திறந்தது. தலைநகரில் முழுக் கூரையோடு நின்ற கட்டடங்கள் மொத்தம் இருபத்திரண்டு. அதில் ஆக நல்லதை இயக்ககத்துக்கு ஒதுக்கினார்கள். கூரை போனவர்களின் கஷ்டத்தைப் பற்றி ஆற அமர யோசிக்க வேண்டுமென்றால், யோசிக்கிறவர் நனையாமல் இருக்க வேண்டும் அல்லவா?

இத்தனைக்கும் காரணம் ஒரு கடிதம். செவ்வாய்க்கிழமைதோறும் மூவாயிரம் பயணிகளைக் கொண்டுவந்து இறக்குகிற உல்லாசக் கப்பல் கம்பெனி எழுதியிருந்தது. தீவு பார்க்க லட்சணமாக இருந்தால் பிப்ரவரியில் கப்பல் வரும், இல்லாவிட்டால் பக்கத்துத் தீவுக்குப் போய்விடும். அவ்வளவுதான் சமாசாரம். கப்பல் வராவிட்டால் டாக்சி ஓடாது, சந்தை கூடாது, இர்மீன் லரோந்தின் அடுப்பும் எரியாது.

இர்மீன் துறைமுக வாசலில் உப்புமீன் வைத்த பொரித்த ரொட்டி விற்கிறவள். ஐம்பது வயசு. வாய் கொஞ்சம் நீளம். மோர்ன் கபிரி குன்றில், கடலைப் பார்த்த சரிவில் அவள் வீடு. சூறாவளி அந்த வீட்டின் சுவர்களை விட்டுவிட்டுத் தகரக் கூரையை மட்டும் உரித்துக்கொண்டு போனது. கூரையை எட்டிப் பிடித்து நிறுத்தப் பார்த்த அவள் புருஷன் ஹெஸ்கெத்தையும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய் இடுப்பு உடையப் போட்டது. அன்றிலிருந்து மனுஷன் கட்டிலில்தான். மேலே நிவாரணத்தில் கொடுத்த ஒரு ஓட்டைத் தார்ப்பாய். மழை வந்தால் நனைவார், நனைந்தால் இருமுவார், இருமினால் இடுப்பு வலிக்கும். அப்புறம் இர்மீனைத் திட்டுவார்.

"ஜூன் ஒண்ணாந் தேதி மறுபடி புயல் காலம் ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள இவர் தலைக்கு மேல ஒரு கூரை. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சொர்க்கத்தைக்கூட அப்புறம் பாத்துக்கறேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, மனுவோடு இயக்ககத்துக்குப் போனாள்.

இயக்குநர் ஃபெலிசியன் கோட்டும் டையுமாக இருந்தார். கரண்ட் வராத ஊரில் கோட்டுப் போடுவதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

"கூரை போயிடுச்சு சார்."

"எங்கேருந்து பாத்தா?"

"கட்டில்ல படுத்துப் பாத்தா வானம் தெரியுது சார். வேற எங்கேருந்து பாக்கணும்?"

"அது உங்க கோணம்மா. அரசாங்கத்தோட கோணம் வேற." சுற்றறிக்கையை எடுத்து, பூசைப் புத்தகம் வாசிக்கிற குரலில் வாசித்தார். "சேதம் எனப்படுவது, நங்கூரமிட்ட கப்பலின் பன்னிரண்டாம் தளத்தில் நிற்கும் பயணியின் கண்ணுக்குப் புலப்படுவது. புலப்படாதது எதுவும் சேதமாகக் கொள்ளப்படமாட்டாது."

"இப்பத்தான் கப்பலே வரதில்லையே சார். பன்னெண்டாம் தளத்துக்கு எங்க போவீங்க?"

"அதுக்குத்தாம்மா துறைமுகத்துல கிரேன் இருக்கு" என்றார் இயக்குநர். இதைக்கூட யோசிக்காமலா இருப்போம் என்கிற முகம்.

மறுநாள் காலை ஊரே கரையில் கூடியது. மீன் பெட்டி ஏற்றுகிற இரும்புக் கூண்டில் இயக்குநரை நிற்க வைத்து, கொக்கியில் மாட்டி, பன்னிரண்டாம் தளத்தின் உயரத்துக்குத் தூக்கினார்கள். கையில் தூரக்கண்ணாடி. காற்றில் கூண்டு ஆட, அவரும் ஆடினார், டையும் ஆடியது. கீழே குமாஸ்தா வெர்னெத் பெரிய பதிவேட்டோடு நின்று ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயராகக் கத்தினாள். மேலேயிருந்து "தெரியுது!" அல்லது "தெரியலை!" என்று அசரீரி வந்தது.

குன்றின் பின்சரிவில் இருந்த கத்பெர்ட்டின் வீட்டில் கூரையோடு சமையலறையும் போயிருந்தது. "தெரியலை!" என்றது அசரீரி.

"அப்ப என் வீட்டுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறீங்களா?" என்றான் கத்பெர்ட்.

"ஒண்ணும் ஆகலை. வாழ்த்துகள்" என்று வெர்னெத் எழுதிக்கொண்டாள்.

இர்மீனின் முறை வந்தது. அவள் வீட்டு முன்னால் நின்ற சீமைப்பலா மரத்தைச் சூறாவளி ஓர் இலை விடாமல் மொட்டையடித்திருந்தது. வீடு பளிச்சென்று தெரிந்தது.

"தெரியுது! படு கேவலமாத் தெரியுது!"

இர்மீன் சிலுவை போட்டுக்கொண்டு குதித்தாள். கத்பெர்ட் பெருமூச்சு விட்டான். "குடுத்து வச்சவ அக்கா நீ. உன் நாசம் நாலு பேர் கண்ணுல படுது."

கோப்பு நகர்ந்தது. எங்கள் ஊரில் கோப்பு நகர்வது என்றால் ஒரு மேஜையில் இருந்து இன்னொரு மேஜைக்கு, அந்த மேஜைக்காரர் லீவிலிருந்து வந்த பிறகு. கிறிஸ்துமஸ் போய், புது வருஷம் போய், ஜனவரி கடைசியில் உத்தரவு வந்தது. 'கூரைத் தகடு அனுமதிக்கப்படுகிறது. மறு பார்வைக்கு உட்பட்டது.' அதன்படி இயக்குநர் மறுபடி கூண்டில் ஏறினார். இந்த மூன்று மாதத்தில் சீமைப்பலா சும்மா இருக்கவில்லை. துளிர்த்து, தழைத்து, தட்டுத் தட்டாக இலை விட்டு வீட்டை மறைத்துக்கொண்டு நின்றது.

"தெரியலை!"

"சார், துளிர்த்தது மரம் சார்! கூரை துளிர்க்கலை!" கீழேயிருந்து இர்மீன் தொண்டை கிழியக் கத்தினாள்.

"பன்னெண்டாம் தளத்துக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. பச்சையா இருக்கா இல்லையா?" பதிவேட்டில் 'சேதம் இயற்கையாகவே குணமடைந்தது' என்று ஏறியது.

அன்று சாயங்காலம் இர்மீன் அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டாள். கட்டிலில் இருந்து ஹெஸ்கெத் அலறினார். "அடிப்பாவி! நம்மகிட்ட இருக்கிறதே அந்த ஒரு மரம். காய்க்கிற நேரத்துல வெட்டுறியே, சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"நனையாம பட்டினி கிடக்கலாம். வாயை மூடிக்கிட்டுப் படு!"

பாவம், வெட்டும்போது அவளுக்கே அழுகை வந்தது. பிஞ்சுகள் கூடை கூடையாக விழுந்தன. ஆனால் வீடு தெரிந்தது. மூன்றாம் நாள் இயக்ககத்து லாரியும் வந்தது. தகடுதான் வருகிறது என்று ஓடினாள். வந்தது திரைச்சீலை. நாற்பதடி உயரம், அடர் பச்சை, இலையெல்லாம் தத்ரூபமாக வரைந்து ஓரத்தில் இரண்டு கிளி. 'பயணியின் பார்வைப் பரப்பில் பசுமைக் குறைவு ஏற்படுத்திய' குற்றத்துக்காக வீட்டு முன்னால் கம்பம் நட்டு அதைக் கட்டினார்கள்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்தத் துணியை அப்படியே என் வீட்டு மேல போத்திடுங்க. அவர் நனையாம இருப்பார்."

இயக்குநர் நிஜமாகவே அதிர்ந்து போனார். "இது செங்குத்தா நிறுத்தறதுக்கு வாங்கின துணிம்மா. படுக்க வச்சா முறைகேடு. என் வேலை போயிடும்."

பிப்ரவரியில் கப்பல் வந்தது. எஃகு மேளம் முழங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூ வீச, பயணிகள் இறங்கினார்கள். இறங்கினவர்கள் கடற்கரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் உடம்பிலும் 'சாந்த் ரெமோனுக்குத் தோள் கொடுப்போம்' என்று எழுதின ஒரே மாதிரி மஞ்சள் பனியன். இடுப்பில் பளபளவென்று ஒரு சுத்தியல். அந்த வருஷம் அதுதான் நாகரிகம். வெயிலில் படுத்துக் கிடப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். புயலடித்த ஊரில் ஆணி அடித்துப் படம் எடுத்துக்கொண்டால்தான் மரியாதையாம்.

அவர்களுக்குத் தலைவி பெவர்லி என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் அம்மாள். சுற்றும் முற்றும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எல்லாம் பச்சையா இருக்கே! சேதம் எங்க? விளம்பரத்துல இருந்துச்சே!"

பின்னால் மூவாயிரம் சுத்தியல் முணுமுணுத்தது. இயக்குநருக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். "இருக்கு மேடம். பத்திரமா மூடி வச்சிருக்கோம்" என்றார்.

இர்மீன் வீட்டு முன்னால் கட்டியிருந்த திரையை அவிழ்த்து விட்டார்கள். மொட்டைச் சுவர், ஓட்டைத் தார்ப்பாய், கட்டிலில் ஹெஸ்கெத், கையில் கரண்டியோடு இர்மீன். பயணிகள் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். நாலு மாதமாக அசையாத தகடுகள் கிடங்கிலிருந்து இருபது நிமிஷத்தில் வந்து சேர்ந்தன. பல் டாக்டர் அம்மாளே உத்தரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பாதி ஆணி வளைந்தது, ஒருத்தர் தன் கட்டை விரலையே அடித்துக்கொண்டார். ஆனாலும் நாலு மணிக்குக் கூரை ஏறிவிட்டது. ஹெஸ்கெத் அண்ணாந்து பார்த்துக் குழந்தை மாதிரி அழுதார். இர்மீன் மஞ்சள் பனியன் போட்ட அத்தனை பேரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

மறுநாள் காலை இயக்குநர் ஏணியோடும் இரண்டு ஆட்களோடும் வந்து நின்றார்.

"அடுத்த செவ்வாயும் கப்பல் வருதும்மா."

இர்மீனுக்குப் புரிந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. முந்தின நாள் ஒரே நாளில் நானூறு ரொட்டி தீர்ந்திருந்தது.

"ஜூனுக்கு முன்னாடி நிரந்தரமா வச்சுக் குடுத்திடணும்" என்றாள்.

"எழுதியே தரேம்மா."

செவ்வாய்க்கிழமை கூரை ஏறும், புதன்கிழமை இறங்கும். இறங்கின தகடுகள் 'பாதுகாப்பு கருதி' இயக்ககக் கிடங்குக்குப் போகும். ஏப்ரலுக்குள் இர்மீன் அழக் கற்றுக்கொண்டாள். பத்தரை மணிக் கூட்டத்துக்கு ஒரு அழுகை, ரெண்டு மணிக் கூட்டத்துக்கு ஒரு அழுகை. ஹெஸ்கெத்தின் இருமல் பயணிகளிடம் நல்ல பெயர் எடுத்தது.

கத்பெர்ட் தன் கைக்காசைப் போட்டு, தன் கையாலேயே கூரை வேய்ந்து முடித்திருந்தான். ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அக்கா, என் கூரையைக் கழட்டிட்டேன். என்னையும் திட்டத்துல சேத்துக்கச் சொல்லு!"

"உன் வீடுதான் தெரியாதேடா?"

"இப்ப பஸ் விடறாங்களாமே! தெரியாத வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்களாம்."

மே மாதக் கடைசியில் குன்றில் முப்பத்தோரு வீடு கூரையில்லாமல் நின்றது. அதில் சூறாவளி கழற்றியது ஒன்பது. மீதியை வீட்டுக்காரர்களே கழற்றி, தகட்டை அரசாங்கக் கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தார்கள். 'காத்திருப்பு நிலைச் சேதம்' என்று அதற்குப் பெயர்.

ஜூன் ஒன்றாம் தேதி இயக்குநர் தாமாகவே வந்தார். சொன்ன சொல் தவறாதவர். அதைச் சொல்லத்தான் வேண்டும். "நிரந்தரமா வச்சிடலாமா அம்மா? மூணாம் வாரம் ஒரே நாள்ல ரெண்டு கப்பல். ஆறாயிரம் பேர். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

"போதும் இர்மீன். வச்சுடச் சொல்லு" என்றார் ஹெஸ்கெத் கட்டிலிலிருந்து.

இர்மீன் புருஷனைப் பார்த்தாள். மாவுச் சட்டியைப் பார்த்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள். யாரும் அவள் கையை முறுக்கவில்லை.

மூன்றாம் வாரம் கப்பலுக்கு முன்னால் புயல் கிளம்பியது. ரேடியோ அலறியது. இரண்டு கப்பலும் தெற்கே திரும்பி ஓடிவிட்டன. குன்று முழுக்கக் கிடங்கு வாசலுக்கு ஓடியது. கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள். சாவியோடு இயக்குநர் உள்ளே இருந்தார். ஜன்னல் வழியாகப் பேசினார்.

"எனக்கும் மனசு இருக்கும்மா. பயணிங்க வரட்டும், உடனே தரேன்."

"அவங்க புயலுக்குப் பயந்து ஓடிட்டாங்க சார்!"

"அப்ப எப்படித் தருவேன்? பயணி இல்லாம ஆணி அடிச்சா அது வீடு கட்டற வேலை. அது வேற துறை. இங்க நடக்கிறது நிவாரண அனுபவத் திட்டம்."

"பாவி! அவர் அங்க படுத்துக் கிடக்கார்!" இர்மீன் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். இந்த அழுகை பத்தரை மணி அழுகை இல்லை. பார்க்கத்தான் கூட்டம் இல்லை.

ஹெஸ்கெத்தைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். புயல் சின்னதுதான். தகரக் கூரை நன்றாக அறைந்திருந்தால் தாங்கியிருக்கும். மேலே ஒன்றும் இல்லாத சுவர்கள் தாங்கவில்லை. முப்பத்தோரு வீடும் தரையோடு படுத்தது. சீமைப்பலா வேரோடு போயிற்று.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடக் கூடத்துக்கு இயக்குநர் ஒரு தாளோடு வந்தார். தீவு நாடுகளின் மாநாட்டில், புயல் பாதுகாப்பில் சிறந்த தீவு என்று எங்கள் தீவுக்கு விருது கொடுக்கப் போகிறார்களாம். குடியிருப்பாளர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இர்மீன் வாங்கி வாசித்தாள். 'இப்புயலில் மோர்ன் கபிரி குன்றில் காற்றால் பறிபோன கூரைகள்: எதுவுமில்லை.'

"இது பொய்!" என்றாள்.

"எந்த இடம்மா பொய்? சொல்லுங்க, திருத்திடறேன்."

மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். கத்பெர்ட்டிடம் கொடுத்தாள். அவனும் வாசித்துத் தலையைச் சொறிந்தான்.

"போடு இர்மீன்" என்றார் ஹெஸ்கெத். "கழட்டுனது நாமதானே?"

இர்மீன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்று போட்டார்கள்.