கைதாகாத தையல்காரர்

அரசியல் சாசனம் குடிமகனுக்குக் கொடுத்த உரிமைகளைக் கண்ணின் மணிபோல் காத்துவரும் இடம் இந்தப் பூவுலகில் உண்டென்றால், அது எங்கள் காவல் நிலையம்தான். இருபது ஆண்டுகளாக அங்கே எழுத்தராக இருப்பவன் சொல்கிறேன், நம்பலாம். கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நாங்கள் இருபத்துமூன்று மணி நேரத்தை மிச்சம் பிடித்தே நிறுத்திவிடுவோம். 'கைது' என்று பதிவேட்டில் எழுதுவதையே நீதிமன்றம் போகும் அன்று காலையில்தான் வைத்துக்கொள்வோம். அதுவரை உள்ளே இருப்பவர் எங்கள் 'விருந்தினர்'.

போன வாரம் துணிக்கடையில் ஒரு கட்டுத் துணி காணாமல் போனது. துணியை வைத்துக்கொண்டு வேறு யாரால் என்ன செய்ய முடியும் என்று ஆய்வாளர் ஆழ்ந்து சிந்தித்து, எதிர்க்கடைத் தையல்காரரை அழைத்து வந்துவிட்டார். அவருக்குரிய உரிமைகளை நானே வாசித்துக் காட்டினேன்.

"வாயைத் தொறக்காம இருக்க உனக்கு உரிமை இருக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"இப்பத் தொறந்துட்டியேப்பா" என்று ஆய்வாளர் மனம் வருந்தினார்.

அடுத்த கேள்விக்குத் தையல்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார். "திமிரப் பாத்தீங்களா" என்று சொல்லி ஆய்வாளர் லத்தியை எடுத்தார்.

தையல்காரரின் மனைவி தினமும் காலையில் வந்துவிடுவார். இரண்டாம் நாள் ஒரு வக்கீலோடு வந்தார்.

"அவர் உள்ளதாங்க இருக்காரு. இருமுறது கேக்குது."

"இருமல் யாருக்குத்தாம்மா வராது? பதிவேட்டப் பாரு. பேரு இருக்கா?" என்றேன்.

வக்கீல் பதிவேட்டைப் புரட்டினார். இல்லாத ஆளுக்கு எப்படி ஆஜராவது என்று என்னிடமே சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார். படித்தவர் படித்தவர்தான்.

மூன்றாம் நாள் துணிக்கடைக்காரரின் மச்சினன் அந்தத் துணியோடு பிடிபட்டான்.

"தையல்காரன விட்டுடுங்க" என்றார் ஆய்வாளர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்படி சார் விட முடியும்? விடணும்னா பிடிச்சிருக்கணும். நாமதான் பிடிக்கவே இல்லையே."

"அப்போ மூணு நாளா அவன் இங்க என்னதான் பண்ணிட்டிருந்தான்?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் சட்டப்படியே வழி பிறந்தது. தையல்காரரை முறையாகக் கைது செய்தோம். குற்றம்: அனுமதியின்றிக் காவல் நிலையத்துக்குள் புகுந்து மூன்று நாள் தங்கியது.

அவர் மனைவியிடம் குற்றம் எழுதிய தாளைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மூணு நாளும் வந்து கேட்டேனே. அவர் இங்க இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதனாலதாம்மா உன்னையே முதல் சாட்சியாப் போட்டிருக்கேன். நாங்க அவர உள்ள விடலங்கறதுக்கு உன்னவிட நல்ல சாட்சி யாரு?"

அவர் புருஷனின் வலது கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு புடைத்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

"கத்திரி பிடிக்கிற கைங்க. இத வெச்சுத்தான் எங்க பொழப்பே ஓடுது" என்று அழுதார். "தானா வந்து உக்காந்தவருக்குக் கை எப்படிங்க ஒடஞ்சுது? அதையும் எழுதுங்க."

உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. தாளை வாங்கி உடனே எழுதினேன். இரண்டாம் குற்றம்: அரசுக்குச் சொந்தமான லத்தியைத் தன் வலது கையால் பலமுறை தாக்கியது.