ஒற்றைக் காய்க்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்

சிங்கப்பூரர்களின் மூளை வளர்ச்சியை, நான் கேரம் பலகையைத் தூக்கிப் போட்டதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் வருங்காலம் எழுதும்.

தேக்காவில் எங்கள் புளோக்கின் கீழே, வாய்ட் டெக் என்னும் திறந்த தரைத்தளத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கிடந்தது அந்தப் பலகை. ஒரு மூலை வீங்கியிருந்தது. குடியிருப்பாளர் குழுவின் 'மூளைப் புத்துணர்ச்சித் துணைக்குழு'வுக்கு நான் செயலாளர். வீக்கத்தை வைத்துக்கொண்டு நாடு எப்படி முன்னேறும்? கைப்பேசியில் புதுப் பலகைகளுக்கு ஆர்டர் தட்டிய கையோடு, பழையதைக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டேன். போகும்போது கையசைத்தேன்கூட.

வந்தவை ஆறு மரப்பெட்டிகள். படத்தில் வட்டக் காய்களைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்றுதான் பார்க்கவில்லை. திறந்தால் முதலை வாய் மாதிரி இரண்டு பக்கமும் முக்கோணப் பற்கள். காய் விழ ஒரு குழிகூட இல்லை. பேக்கேமன் என்ற வேறு ஆட்டமாம்!

தலைவர் அருண்ராஜ் அவசரக் கூட்டம் போட்டார். முப்பத்தொரு வயதுதான். ஆனால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமலே கூட்டத்தை முடிக்கும் கலை அந்த வயதிலேயே கைவந்திருந்தது.

"தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"தப்புன்னு ஏன் பார்க்கிறீங்க அங்கிள்? இது ஒரு பிவட் லா, புதுத் திசை."

"அப்ப சரியா?"

"நோட் பண்ணிக்கிறோம்."

நோட் பண்ணியதும் நான்தான். 'உள்ளூர் விளையாட்டிலிருந்து உலகத்தர விளையாட்டுக்குத் தர உயர்வு' என்று எழுதினேன். சனிக்கிழமை மாலை தொடக்க விழா, பேனருடன்.

வீட்டில் மனைவியைக் கேட்டேன். "கமலா, நான் செஞ்சது சரிதானே?"

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

முப்பது வருடத்தில் இந்த வாக்கியத்துக்கு ஒரு தடவைகூட 'ஆமாம்' என்று அர்த்தம் இருந்ததில்லை.

இந்த மகத்தான திட்டத்தில் 'சம்பந்தப்பட்ட தரப்பு' ஒன்று மட்டும் இடித்தது. முத்தலிப் பாய். அந்தப் பலகையில் தினமும் ஐந்து மணிக்கு ஆட உட்காருவார். அவர் உட்கார்ந்தால் எதிரே ஆட நாலு பேர் வந்துவிடுவார்கள். இப்போது அதே ஐந்து மணிக்குத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் கேரம் பவுடர் டப்பா துருத்திக்கொண்டு நின்றது.

"பாய், கோபமா?"

"சேச்சே. இன்னைக்கு நல்ல காத்து, இல்லே?"

அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

எங்கள் புளோக்கில் பேக்கேமன் தெரிந்தவர் மூன்றாம் மாடி ருக்கையா ஒருவர்தான். விமான நிறுவன வேலையில் நான்கு வருடம் இஸ்தான்புல்லில் இருந்தவர். "முன்னாடியே வந்து கத்துக்குங்க அண்ணே" என்றார். கேரம் சுண்டிய கைக்குப் பயிற்சி எதற்கு?

விழா மேடையில் முதல் காயைச் சுண்டினேன். அருண்ராஜின் தே தாரிக் டீக் குவளையில் போய் விழுந்தது. 'துணிச்சலான தொடக்கம்' என்று அவர் அறிவித்தார்.

"சுண்டக்கூடாதுண்ணே," என்றார் ருக்கையா. "ரெண்டு பகடையையும் உருட்டுங்க. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துங்க. ரெண்டும் ஒரே எண்ணா விழுந்தா நாலு தடவை ஆடலாம். நீங்க இந்தப் பக்கமா போறீங்க, நான் எதிர்ப்பக்கமா வர்றேன்."

"முட்டிக்க மாட்டோமா?"

"அதுக்குத்தானே விளையாட்டு!"

உருட்டினேன், நகர்த்தினேன். ஒரு காய் தனியாகப் போய் நின்றது. உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடித்து வளர்ந்த குடிமகன் நான். பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "சோப் பண்ணியாச்சு! இந்த இடம் எனக்கு!"

கூட்டம் ஆமோதித்தது. நம் ஊரில் டிஷ்யூ பாக்கெட்டை யார் மீறுவார்கள்?

ருக்கையா மீறினார். பாக்கெட்டை நகர்த்தி, தன் காயை அங்கே வைத்து, என் காயைத் தூக்கிப் பலகை நடுவிலிருந்த கட்டை மேல் வைத்தார். "ஒத்தக் காய் இடம் பிடிக்காதுண்ணே. அடி வாங்கும். ரெண்டு சேர்ந்து நின்னாத்தான் யாரும் தொட முடியாது."

சின்ன 'இழப்பு'. திட்டமென்றால் இருக்கத்தானே செய்யும்? மறுபடி உருட்டினேன். இரண்டு ஆறு! அருண்ராஜ் எழுந்து நின்று கைதட்டினார். நான் நல்ல தெம்பான காய் ஒன்றைத் தூக்கினேன்.

"கீழே வைங்க. ஒரு தடவைகூட ஆட முடியாது," என்றார் ருக்கையா.

"நாலு தடவைன்னு நீதானேம்மா சொன்னே!"

"அடிபட்டது நடுவுல கிடக்குதே. அதை உள்ளே கொண்டு வராம வேற காயைத் தொடக்கூடாது. அது நுழையற ஆறாம் இடத்துல என் காய் அஞ்சு நிக்குது."

"அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே. மத்ததெல்லாம் முன்னேறட்டும்."

சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே அருண்ராஜ் குரல் மாதிரி கேட்டது. பேனருக்குக் கீழே தபால் பெட்டிப் பக்கம் தெரிந்தது. பாய் பவுடர் டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார்.

"ருக்கையா," என்றேன், மெதுவாக. "நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"ஆமா," என்றார். பகடை இரண்டையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆறு பெட்டி வாங்கினீங்க, பேனர் கட்டினீங்க. பலகையைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பாய்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. போய் மன்னிப்புக் கேட்டு, கையோட கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்கு ஆட்டம் கிடையாது."