செக்குக்காரன் பித்தப்பையில் விழுந்த ஓட்டை

ஸ்ஃபாக்ஸ்,
ஆலிவ் அறுவடைக் காலம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் டாக்டர் முன்ஸிஃப் அவர்களுக்கு, ஹாதி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் நானும் உங்கள் தங்கை ஸக்கியாவும் எண்ணெய்ச் செக்கும் நலம். என் வயிற்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பித்தப்பைக் கல்லை எடுத்துவிடு என்று சொல்லிச் சொல்லி உங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஊருக்கே ஆலிவ் எண்ணெய் ஆட்டிக் கொடுப்பவன் கத்திக்கு வயிற்றைக் காட்டினால், நாளைக்கு எவன் அதை மருந்தென்று வாங்குவான்? வெறும் வயிற்றில் எலுமிச்சை பிழிந்து எண்ணெய் குடித்தேன். குடிக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே உயிர் போய் வந்தது. கல் கரைகிறது என்று கடையில் அளந்தேன். போன மாதம் காய்ச்சலோடு பெரிய வலி ஒன்று வந்து, ஒரு காலையில் போன இடம் தெரியவில்லை. சும்மா இருப்பேனா? ஆடு அறுத்து, தெருவையே கூப்பிட்டு, கோதுமை குஸ்குஸைக் குவித்துவைத்து, "டாக்டர் மச்சானையே தோக்கடிச்ச எண்ணெய்ப்பா இது" என்றேன். ஸக்கியா மட்டும், "அந்தக் கல்லு எங்க போச்சுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

விருந்து செரிப்பதற்குள் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி. கீழே காற்றுகூடப் பிரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்லு கரையலங்க. புண்ணான பித்தப்பை குடலோட ஒட்டிக்கிச்சு. பையையும் குடலையும் கல்லு அரிச்சு ஓட்டை போட்டு உள்ள இறங்கி, இப்பக் குடலை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அது இடம் மாறினதாலதான் வலி நின்னுச்சு" என்றார்.

"எண்ணெய்க்கு இதுல பங்கே இல்லையாம்மா?"

"இருக்கே. நீங்க குடிக்கிறப்பல்லாம் பித்தப்பை சுருங்கிக் கல்லை இன்னும் அழுத்தியிருக்கும்."

குடலைத் திறந்து கல்லை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்குமாம். செத்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன், மச்சான். ஸக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உடம்பு தாங்காதென்று பித்தப்பையையும் ஓட்டையையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் வழியே குடல் அழுக்கு ஏறிக் குளிர்காய்ச்சல் வரலாமாம். எடுத்த கல்லின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாக இருக்கிறது. அதோடு உரசிய ஜோடிக் கல் இன்னும் உள்ளே இருக்கலாமாம். இருக்கிறது, குத்துகிறது. இனி உங்கள் பேச்சைத் தட்டமாட்டேன். வந்து பக்கத்தில் நின்று இரண்டாவது அறுவைச் சிகிச்சையை முடித்துவையுங்கள்.

உங்கள் கைக்கும் கத்திக்கும் இறைவன் பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
ஓட்டை வயிற்று ஹாதி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஒரு நல்ல செய்தி. இன்று காலை அந்த வலி சுத்தமாக நின்றுவிட்டது. நீங்கள் அலைய வேண்டாம். விருந்துக்கு ஆடும் வாங்கிக் கட்டிவிட்டேன்.

அண்ணா, ஸக்கியா எழுதறேன். உடனே கிளம்பி வாங்க. ஆட்டைத் திருப்பி அனுப்பிட்டேன். கயித்தை மட்டும் வாங்கி வச்சிருக்கேன், நீங்க வர்ற வரைக்கும் இவரக் கட்டிவைக்க.