விமானத்தாரின் வாரிசு

“பலகையில தகப்பன் பேரை எழுதியாச்சு. இப்போ பத்திரிகைக்காரங்க வந்துடுவாங்க. அப்பனைத் திறந்து குட்டிகிட்ட விடு” என்றார் அதிகாரி.

கூண்டுக்காரர் கதவுப் பக்கம் போகாமல் பலகையையே பார்த்தார். அதில் ‘விமானத்தார்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மகராசி என்ற பெண் குரங்குக்காகவே அந்த மிருகக்காட்சிசாலைக்கு விமானத்தில் வந்திறங்கிய மாப்பிள்ளைக் குரங்கு அவர்.

மகராசியின் கூண்டை ஒட்டி, நடுவே ஒவ்வொரு கதவு வைத்த மூன்று கூண்டுகளில் மூன்று ஆண்கள்: விமானத்தார், மொட்டையன், தூங்குமூஞ்சி. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்டுத் திரும்பிய கூண்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று கதவுகளின் நாதாங்கிகளும் திறந்து கிடந்தன. மகராசி, தூங்குமூஞ்சியின் மடியில் சாவகாசமாகச் சாய்ந்திருந்தாள். பூட்ட மறந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவளை அடைத்துவிட்டு, தன் வாயையும் அடைத்துக்கொண்டார்.

இப்போது குட்டி யாருடையதோ! தன் பிள்ளை இல்லை என்று விமானத்தாருக்குத் தெரிந்துவிட்டால்? போன வருஷம் அப்படி ஓர் ஆண் கடித்துப் போட்ட குட்டியைக் கூண்டுக்காரர்தான் துணியில் சுற்றிப் புதைத்தார்.

“விமானத்தாருக்குக் காய்ச்சல் சார்.”

“அப்படியா? டாக்டரம்மா!”

டாக்டரம்மா வந்து பார்த்தார். “காய்ச்சலா? குத்துக்கல்லாட்டம் இருக்கானே! குட்டியைக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடையாது.”

“கேட்டியா? கதவைத் திற.”

கூண்டுக்காரர் நாதாங்கியை இழுப்பதுபோல் பாவனை செய்தார். “துருப்பிடிச்சுப் போச்சு சார். வரமாட்டேங்குது.”

“தள்ளுய்யா!”

அதிகாரி கம்பி வலையைப் பிடித்து உலுக்கினார். அவர் உலுக்கிய உலுக்கில் ஒன்றல்ல, மூன்று நாதாங்கிகளும் கழன்று விழுந்தன.

மூன்று ஆண்களும் மகராசியின் கூண்டுக்குள் நுழைந்தார்கள்.

மகராசி குட்டியை மார்போடு அணைத்தபடி மூலையில் ஒண்டினாள். விமானத்தார் பல்லைக் காட்டிக்கொண்டு நெருங்கினார். குனிந்தார். குட்டியின் தலையை முகர்ந்தார்.

“ஐயோ, சார்! நான்தான் சார் பாவி!” கூண்டுக்காரர் உடைந்துபோனார். “அன்னைக்குக் கதவைப் பூட்ட மறந்துட்டேன். இவ மூணு பேர்கிட்டயும் போயிட்டா. அப்பன் யாருன்னு சாமி சத்தியமா தெரியாது!”

அதிகாரியின் முகம் சிவந்தது. “உன் வேலை போச்சுன்னு வச்சுக்க!”

“கத்தாதீங்க சார். உள்ளே பாருங்க” என்றார் டாக்டரம்மா.

விமானத்தார் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டையன் வாலை நீவிவிட்டான். தூங்குமூஞ்சி, தன் முறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“தன்னோடது இல்லைன்னு தெரிஞ்சாத்தான் ஆண் கடிக்கும்” என்றார் டாக்டரம்மா. “ ஒருவேளை நம்மளோடதா இருக்குமோன்னு தோணிட்டா, தொடாது. அதுக்குத்தான் பொண்ணுங்க நாலு பேர்கூடச் சேருதுங்க. இவரு மறந்ததுதான் சார் குட்டியோட உசிரைக் காப்பாத்திருக்கு.”

அதிகாரி யோசித்தார். பலகையைப் பார்த்தார். “அப்போ... மூணு பேரையும் எழுதிடலாமா?”

கூண்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஏதோ என் மறதியால ஒரு நல்லது நடந்துச்சு” என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினார்.

அதுவரை பக்கத்தில் பேசாமல் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவு அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க எங்கண்ணே மறந்தீங்க? அப்போ ஒரு வாரமா நீங்க சாப்பிடப் போற நேரம் பாத்து, மகராசியேதான் கம்பிக்குள்ள கையை விட்டு நாதாங்கியைத் திறந்து போயிட்டு வந்தா. அன்னைக்குத் திரும்ப மூட மறந்துட்டா, அவ்வளவுதான்!”